விசில் இல்லாத குக்கரும் கண்டக்டர் அரிகிருஷ்ணனும்

“உள்ள போ, உள்ள போ. நடுவுல எவ்ளோ எடம் காலியா கெடக்குது பாரு” என்று முருங்கைக்காயை அதட்டுகிறார் அரிகிருஷ்ணன். பாத்திரத்துக்குள் அரிசியும் துவரம்பருப்பும் முன்னமே இடம் பிடித்து உட்கார்ந்துவிட்டன. கத்தரிக்காய் ஓரமாக ஒண்டிக்கொண்டிருக்கிறது. விளிம்பைப் பிடித்துக்கொண்டு நிற்கும் கேரட் துண்டு ஒன்றை விரலால் தட்டி, “படியில தொங்காத” என்கிறார். மூடியை வைத்துத் திருகிப் பூட்டிப் பொத்தானை அமுக்குகிறார். சிவப்பு விளக்கு எரிந்ததும் கைகளைக் கட்டிக்கொண்டு, கால்களை அகட்டி வைத்து, அந்த மின்சாரக் குக்கரின் முன்னால் நின்றுவிடுகிறார். சுவரிலோ மேடையிலோ சாய்வதில்லை.

சமையலறைத் தரை ஆடாது என்பதை அவருடைய கால்கள் இன்னும் நம்பவில்லை. இருபது வருஷத்துக்கு மேலாக அவர் தனியார் டவுன் பஸ்ஸில் கண்டக்டர். புதுச்சேரி பஸ் ஸ்டாண்டில் இருந்து மூலக்குளம் வழியாக வில்லியனூர் போய்த் திரும்புகிற வண்டி. ஒரு நாள் விட்டு ஒரு நாள் வேலை. வேலை இல்லாத நாளிலும் தோளில் தோல்பை மாட்டியிருக்கிறவர்போல ஒரு பக்கம் சாய்ந்துதான் நடப்பார். கறிவேப்பிலையைக் காம்பிலிருந்து உருவமாட்டார். கட்டைவிரலை நாக்கில் தொட்டுக்கொண்டு, டிக்கெட் கிழிப்பதுபோல ஒவ்வொரு இலையாகக் கிழிப்பார். பரிமாறும்போது கரண்டியோடு ஒரு சுற்று வந்து, “இன்னும் யாரு வாங்கல? வாங்காதவங்க கேட்டு வாங்கிக்குங்க” என்பார். சாப்பிடுகிறவர்கள் இரண்டே பேராக இருந்தாலும் இதைக் கேட்காமல் விடமாட்டார்.

நான் அவர்கள் வீட்டு மாடியில் குடியிருக்கிறேன். சமையலில் எனக்குத் தெரிந்த பாகம் சாப்பிடுவது ஒன்றுதான். ஆகவே கீழேயிருந்து வாசனை வந்தால் ஏதாவது காரணம் கண்டுபிடித்துக்கொண்டு இறங்குவது வழக்கம். தண்ணீர் மோட்டார் போட்டாச்சா, பால்காரர் வந்தாரா என்று எதையாவது கேட்பேன். அரிகிருஷ்ணன் என் கேள்விக்குப் பதில் சொல்லமாட்டார். ஒரு தட்டை எடுத்து வைப்பார்.

அவருடைய பெரிய குணம் இதுதான். வழியில் நிற்கிறவரை விட்டுவிட்டுப் போக அவரால் முடியாது. அவர் ஏறுகிற வண்டி கையைக் காட்டினால் நிற்கும், காட்டாமல் சும்மா மூக்கைச் சொறிந்தாலும் நிற்கும். மூச்சுவிட இடமில்லாத வண்டியில் இன்னும் நாலு பேரை ஏற்றி, எல்லாரையும் அரை அடி நகர வைத்து, கடைசியில் ஒரு வாழைத்தாருக்கும் இடம் பண்ணிக் கொடுப்பார். டிரைவர் கண்ணையனுக்கு இதில் தீராத வருத்தம். வண்டி ஒரு பக்கம் சாய்கிறது, ஸ்டியரிங்கைத் திருப்ப முடியவில்லை என்று என்னிடம்கூட வந்து முறையிட்டிருக்கிறார். அரிகிருஷ்ணனைக் கேட்டால், “வெயில்ல நிக்கறவங்கள வுட்டுட்டு வந்தா நமக்கு சோறு எறங்குமா சார்?” என்பார். அதற்குமேல் அவரிடம் என்ன பேசுவது?

மனைவி கமலவேணியும் ஒரு காலத்தில் அவர் பஸ்ஸில் ஏறியவர்தான். ஆசிரியர் பயிற்சிக்குப் போய்க்கொண்டிருந்த பெண்ணுக்குச் சன்னலோரம் தினமும் ஓர் இடம் எப்படியோ காலியாக இருந்தது. பயிற்சி முடியும் முன்பே அவர் கமலவேணியை “டீச்சர்” என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். இன்றைக்கும் வீட்டில் அதே பெயர்தான். கமலவேணி இப்போது அரசுத் தொடக்கப் பள்ளி ஆசிரியை. கறாரான ஆள். வகுப்பில் யாருக்கும் நூற்றுக்கு நூறு போட்டதில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

குக்கர் கமலவேணியின் தங்கை கொண்டுவந்தது. தங்கை தனக்கொடி கல்யாணம் ஆகி பிரான்ஸுக்குப் போனவர். ஒரு விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது, அக்கா பாவம் அடுப்பில் வேகிறாள் என்று இதைச் சுமந்துகொண்டு வந்தார். அதன் பிளக் நம் ஊர்ச் சுவரில் நுழையவில்லை. பொத்தான்களின் மேல் எழுதியிருந்ததெல்லாம் பிரெஞ்சு. எல்லாவற்றுக்கும் மேலாக அது விசிலடிக்காது. வாயைத் திறந்து ஒரு சத்தம் போடாத குக்கரை எப்படி நம்புவது என்று கமலவேணி அதைப் பெட்டியோடு பரணில் ஏற்றிவிட்டார். அங்கே அது பழைய குடைகளோடு நிம்மதியாக இருந்தது.

2007 மே மாதம் கமலவேணிக்குத் தலைமையாசிரியையாகப் பதவி உயர்வு வந்தது. ஆனால் பள்ளிக்கூடம் காரைக்காலில். புதுச்சேரி அரசில் வேலை பார்க்கிறவர்களுக்கு இது புதிதல்ல. பதவி ஒரு கையில் வந்தால் காரைக்கால் மறு கையில் வரும். பஸ்ஸில் அரை நாள் தூரம். சனி ஞாயிறுக்குத்தான் வீடு வந்து திரும்ப முடியும். மகள் துர்கா அந்த வருஷம் பன்னிரண்டாம் வகுப்பு, அவளைக் கூட்டிக்கொண்டு போகவும் வழியில்லை. வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் வரிசையில் அடுத்தவருக்குப் போய்விடும். மறுபடி எப்போது வரும் என்பதை யாராலும் சொல்ல முடியாது.

கமலவேணிக்கு அந்த நாற்காலியின் மேல் எவ்வளவு ஆசை என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். அவர் மட்டும் தெரியாததுபோல இருந்தார். “வேணாம்னு எழுதிக் குடுத்துடறேன். இந்த வூட்ல சுடுதண்ணி வெக்கக்கூட ஒரு ஆளு இல்ல” என்றார். அரிகிருஷ்ணன் அவரை நிமிர்ந்து பார்த்து, “நீ போ டீச்சர். சமையல நான் பாத்துக்கறேன்” என்று சொல்லியிருக்கிறார். அதற்குக் கமலவேணி சிரித்த சிரிப்பு மாடிவரைக்கும் கேட்டது. அந்தச் சிரிப்பு அவரைச் சுட்டிருக்க வேண்டும். மறுநாளே பரணில் ஏறிவிட்டார்.

எலெக்ட்ரீஷியனைப் பிடித்து பிளக்கை மாற்றினார். பொத்தான்களைப் படித்துச் சொன்னவள் துர்கா. மார்க் அள்ளலாம் என்று பள்ளியில் பிரெஞ்சு எடுத்துப் படிக்கிற பிள்ளை. அவள் சொல்லித் தந்ததை அரிகிருஷ்ணன் தம் பாஷையில் மாற்றி வைத்துக்கொண்டார். “மொத ஸ்டாப்பு சோறு. ரெண்டாவது சூப்பு. மூணாவது கறி. அதுக்கப்பறம் வண்டி எங்க போவுதுன்னு எனக்குத் தெரியாது சார், நான் எறங்கிடுவேன்.”

முதல் நாள் அரிசியை வைத்துவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்து விசிலுக்காகக் காத்திருந்தார். விசிலாவது, ஒன்றாவது. குக்கர் தன் வேலையை முடித்துக்கொண்டு மெல்லிசாக ஒரு கீச்சுக் குரல் கொடுத்துவிட்டு அடங்கிவிட்டது. அதை அவர் அடுத்த வீட்டுக் கைப்பேசி என்று நினைத்துக்கொண்டார். கடைசியில் திறந்து பார்த்தபோது உள்ளே இருந்ததைச் சோறு என்று சொன்னால் சோறு கோபித்துக்கொள்ளும். “விசில் இல்லாம ஒரு வண்டியா?” என்று அவர் நொந்துகொண்டது இன்னும் என் காதில் இருக்கிறது. தொழில்முறை வருத்தம் அது.

ஆனால் மனுஷர் விடவில்லை. பஸ்ஸில் டிக்கெட் கிழித்துக்கொண்டே பெண்களிடம் பாடம் கேட்க ஆரம்பித்தார். “ஏம்மா, காராமணிக்கு எத்தினி விசிலு வுடுவீங்க?” என்று ஒருவரைக் கேட்டால் பஸ்ஸே பதில் சொல்லும். ரெட்டியார்பாளையத்தில் ஏறிய அம்மா நாலு என்பார். வில்லியனூர் அம்மா ஊறவைத்திருந்தால் இரண்டே போதும் என்பார். நடுவில் ஒருவர் காராமணியைக் குக்கரில் வைப்பதே பாவம் என்பார். சண்டை முற்றி, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போனவர்களும் உண்டு. அன்று மாலை இந்த விசில்களையெல்லாம் அவர் வீட்டுக்குக் கொண்டுவருவார். துர்கா அவற்றை நிமிஷமாக மாற்றி, குக்கருக்குப் புரிகிற மாதிரி செய்து கொடுப்பாள்.

இப்படியாகத் தக்காளி சாதம் வந்தது. கொண்டைக்கடலைக் குழம்பு வந்தது. கீழே உருளைக்கிழங்கு, மேலே தட்டில் முட்டை என்று ஒரே டிரிப்பில் இரண்டையும் வேகவைக்கக் கற்றுக்கொண்டார். தாளிப்பதை முதலிலேயே அந்தப் பாத்திரத்திலேயே முடித்துவிட்டு, அரிசி பருப்பு காய் எல்லாவற்றையும் ஏற்றி மூடிவிட்டால் பிறகு கிளற வேண்டியதில்லை, தீயைக் குறைக்க வேண்டியதில்லை, பொங்குகிறதா என்று எட்டிப் பார்க்க வேண்டியதில்லை. இந்தச் சௌகரியத்தை அவர் ஏதோ தாமே கண்டுபிடித்ததுபோல எனக்கு விளக்குவார். நானும் வாய் நிறையச் சோற்றோடு தலையாட்டுவேன்.

எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருக்கும்போதுதான் தொழில் புத்தி தலைகாட்டியது. அந்தப் பாத்திரத்தின் உட்புறம் ஒரு கோடு உண்டு. அதற்குமேல் எதுவும் போடக்கூடாது. துர்கா பலமுறை சொல்லியிருக்கிறாள். ஆனால் காலி இடத்தைக் கண்டால் அரிகிருஷ்ணனுக்குக் கை சும்மா இராது. ஒரு நாள் காலை, மாடி சாருக்கும் சேர்த்து என்று சாம்பார் சாதத்துக்கு எல்லாவற்றையும் கழுத்துவரை ஏற்றினார். துர்கா கோட்டைக் காட்டினாள். “இன்னும் நாலு பேரு தாராளமா ஏறலாம்” என்றார். வெந்து முடிந்ததும் நீராவியை வெளியேற்ற அவசரமாக மேலேயிருந்த அடைப்பானைத் தள்ளினார்.

நான் இறங்கி வந்தபோது சமையலறைக் கூரையிலிருந்து மஞ்சளாகச் சொட்டிக்கொண்டிருந்தது. சுவரில் இருந்த காலண்டரில் அந்த மாதம் முழுவதும் சாம்பார். வாசற்படியில், கல்வி அலுவலகத்துக்குப் போவதற்காகக் கஞ்சி போட்டுத் தேய்த்த வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு கமலவேணி நின்றார். வெள்ளை என்று இனிமேல் சொல்ல முடியாது. நல்லவேளையாக யாருக்கும் சுடவில்லை. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பார்கள். சாம்பாரைப் பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை என்று விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது.

கமலவேணி திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை. துணியை எடுத்துத் துடைத்தார். துடைத்து முடித்துவிட்டு, திங்கட்கிழமை போய் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடுவதாகச் சொன்னார். குரலில் கோபமே இல்லை. அரிகிருஷ்ணன் அவர் கையிலிருந்த துணியை வாங்கிக்கொண்டார். பிறகு, “ஞாயித்துக்கெழம ஒரு வேளை எனக்குக் குடு டீச்சர். சரியா வரலன்னா நீ எழுதிக் குடு, நான் வாயத் தெறக்கல” என்றார். கமலவேணி மறுக்காமல் புடவை மாற்றப் போனார். சரி என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

வேறொருவராக இருந்தால் அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருக்கும் மூவருக்கு அளவாக வைத்துத் தப்பித்திருப்பார். அரிகிருஷ்ணன் நடுவில் வந்த இரண்டு நாளில் டிரைவர் கண்ணையனை அழைத்தார். கண்ணையனின் மனைவி செல்வாம்பாளையும் பிள்ளைகளையும் அழைத்தார். என்னையும் அழைத்தார். நான் அழைக்காமலே போயிருப்பேன் என்பது வேறு விஷயம். நாலு பேருக்கு ஆக்குகிற பாத்திரம் அது. எனக்கு உள்ளுக்குள் பயமாக இருந்தது. ஒரு குக்கரின் மூடியை நம்பி ஒரு பெண்ணின் தலைமையாசிரியைப் பதவி நிற்கிறதே என்று வேதனையாகவும் இருந்தது.

அதே சாம்பார் சாதம்தான். விழுந்த இடத்திலேயே எழுந்து காட்டுவதென்று பிடிவாதம். கமலவேணி கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்தார். சமையலறைப் பக்கம் திரும்பக்கூடாது, எழுந்து வரக்கூடாது என்று ஏற்பாடு. பேப்பரில் ஒரு பக்கம்கூடப் புரளவில்லை. நாங்கள் எல்லாரும் சமையலறை வாசலில் நின்றோம். அரிகிருஷ்ணன் வெங்காயம், தக்காளி வதக்கி, அரிசி பருப்பைக் கொட்டி, காய்களை அதட்டி உள்ளே அனுப்பி, புளியும் பொடியும் கரைத்து ஊற்றினார். அளவெல்லாம் வீட்டில் இருந்த அத்தனை பேருக்கும் சேர்த்து. பாத்திரம் விளிம்புக்கு வந்துவிட்டது. கோடு எங்கேயோ அடியில் முழுகிக் கிடந்தது.

அவர் மூடியைக் கையில் எடுத்தார். வைக்கவில்லை. பாத்திரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். “ஏறும்பா, இன்னும் ஏறும்” என்று கண்ணையன் கிண்டலாகச் சொன்னார். பத்து வருஷத்து வயிற்றெரிச்சல் அவருக்கு. அரிகிருஷ்ணன் திரும்பிப் பார்க்கவில்லை. மூடியைக் கீழே வைத்துவிட்டு, கரண்டியை எடுத்து, ஏற்றியதை எல்லாம் மெதுவாக இறக்க ஆரம்பித்தார். அரிசியும் பருப்பும் காயுமாக அள்ளி அள்ளி ஒரு குண்டானுக்கு மாற்றினார். கோடு வெளியே தெரிகிறவரைக்கும் நிறுத்தவில்லை.

செல்வாம்பாளுக்குக் கவலை வந்துவிட்டது. இத்தனை பேருக்கும் பத்துமா அண்ணே என்று கேட்டார்.

“பின்னாலயே வண்டி காலியா வருதும்மா” என்றார் அரிகிருஷ்ணன். “நெரிக்காத இரு. எல்லாருக்கும் எடம் இருக்குது.”

வழியில் நிற்கிறவர்களைக் கழற்றிவிட நம் ஊர்க் கண்டக்டர்கள் எல்லாரும் சொல்கிற வாக்கியம்தான். பின்னால் எந்த வண்டியும் வராது என்பது சொல்கிறவருக்கும் தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும். அரிகிருஷ்ணன் வாயிலிருந்து அதை நான் கேட்டது அன்றுதான். கண்ணையனும் கேட்டதில்லை என்பது அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. கூடத்தில் கமலவேணி பேப்பரைத் தாழ்த்தி, ஏற்பாட்டை மீறிச் சமையலறைப் பக்கம் திரும்பி, புருஷன் குண்டானுக்குத் தட்டுப் போட்டு மூடுவதைப் பார்த்தார்.

குக்கர் கீச்சிட்டது. அவர் அடைப்பானில் கை வைக்கவில்லை. ஆவி தானாக அடங்கி, மூடியிலிருந்த சின்ன ஊசி தானாகக் கீழே இறங்குகிறவரை கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். திறந்தபோது எழுந்த மணத்தில் நான் என் வயதையும் மரியாதையையும் மறந்து முதல் பந்தியில் உட்கார்ந்துவிட்டேன். பிள்ளைகள், கண்ணையன், செல்வாம்பாள் எல்லாரும் சாப்பிட்டோம். சாதம் குழைந்தும் குழையாமலும், முருங்கைக்காய் உடையாமலும் இருந்தது. நெய் ஊற்றிக்கொண்டு, அப்பளம் நொறுக்கிக்கொண்டு, இரண்டாம் முறை கேட்டு வாங்கினோம். அதற்குள் இரண்டாவது வண்டியும் வந்து சேர்ந்தது.

கமலவேணி இரண்டாவது வண்டிக்குத்தான் உட்கார்ந்தார். மெதுவாகச் சாப்பிட்டார். கண்ணையன் ஏப்பத்தைக்கூட அடக்கிக்கொண்டார். கமலவேணி தட்டை வழித்து முடித்துவிட்டு, “உப்பு ஒரு கல்லு கம்மி” என்றார். நூற்றுக்கு நூறு போடாத டீச்சர் அல்லவா, அந்த ஒரு கல் உப்பைப் பிடித்துக்கொண்டு மீதியெல்லாம் கொடுத்துவிட்டார் என்று எங்களுக்குப் புரிந்துவிட்டது. பிறகு எழுந்து கை கழுவிக்கொண்டே, திங்கட்கிழமை போய்ச் சேருகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வருவதாகச் சொன்னார். துர்கா அம்மாவைக் கட்டிக்கொண்டாள். எனக்கே பதவி உயர்வு வந்ததுபோல அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

அரிகிருஷ்ணன் மட்டும் கரண்டியோடு அங்கேயே நின்றார். ஒரு மாதமாகப் போ, போ என்று மல்லுக்கட்டியவர், போகிறேன் என்றதும் வெறும் பாத்திரத்தைக் கிளறிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். யாரு இன்னும் வாங்கல என்று கேட்கவும் அவருக்கு மறந்துவிட்டது.

ஜூன் மாதம் பள்ளி திறப்பதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை கமலவேணி புறப்பட்டார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நானும் துர்காவும் பஸ் ஸ்டாண்டுக்குப் போனோம். அரிகிருஷ்ணன் எலுமிச்சை சாதம் கட்டிய டிபன் கேரியரோடு முன்னால் ஏறி, சன்னலோரம் இடம் பிடித்து, பெட்டியை மேலே வைத்து, மனைவியை உட்கார வைத்தார். சன்னலை மேலே தூக்கிப் பார்த்தார், கீழே இறக்கிப் பார்த்தார். தண்ணீர் பாட்டில் இருக்கிறதா என்று கேட்டார். வண்டி புறப்படும் நேரம் வந்ததும் துர்கா கீழேயிருந்து, “அப்பா, எறங்குப்பா” என்றாள். அவர் சரி சரி என்று தலையை ஆட்டினார். வண்டி நகர்ந்தது. அவர் இறங்கவில்லை.

பஸ் ஸ்டாண்டு வாசலில் ஓர் ஆட்டோ குறுக்கே நின்றதால் பஸ் நின்றது. நாங்கள் பின்னாலேயே ஓடிப் போய்ச் சன்னலுக்குக் கீழே நின்றோம். உள்ளே அந்த வண்டிக் கண்டக்டர் அவரிடம் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார், தெரிந்தவர்தான். பஸ் தொழிலில் இருப்பவர்கள் ஒருவருக்கொருவர் டிக்கெட் கிழிப்பதில்லை. அப்படி ஓசியில் போகிறவர் படியில் நின்றுகொண்டு போவார். உட்கார்ந்து வருவது மரியாதை இல்லை.

அரிகிருஷ்ணன் சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்து நீட்டினார். அந்தக் கண்டக்டர் வேண்டாம் என்று கையை ஆட்டினார். அரிகிருஷ்ணன் கேட்கவில்லை. நோட்டை அவர் கைக்குள் திணித்து, “கடலூர் ஒண்ணு குடுங்க” என்று, வழியில் வரும் முதல் பெரிய ஊருக்கு ஒரு டிக்கெட்டை வாங்கிக்கொண்டார். கமலவேணி பக்கத்து இடத்தில் இருந்த டிபன் கேரியரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அரிகிருஷ்ணன் அங்கே உட்கார்ந்தார்.